மாட்டுக்கும் இருமல் வரும்!

வானகரம் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் மீன் மார்க்கெட், கொஞ்சம் தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபங்கள், லாரி, கன்டெய்னர்... இவ்வளவுக்கும் நடுவில் ரோட்டு ஓரத்தில் நாலு மாடுகள் அசை போட்டபடி படுத்திருக்கும். ஹாரன் அடித்தாலும் நகராது. நாமும் ஒதுங்கிப் போய்விடுவோம். அந்த மாடுகள் எதைத் தின்கின்றன என்று நாம் நிறையப் பேசியாகிவிட்டது. சினிமா போஸ்டர், பிளாஸ்டிக் பை, எச்சில் இலை என்று படத்தோடு செய்தி வருகிறது. அவை எதைச் சுவாசிக்கின்றன என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

'குடும்ப ஆரோக்கியப் பத்திரிகையில் மாட்டு வைத்தியம் எதற்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலையில் நீங்கள் குடித்த காபியில் பாதி, அந்த மாடு கொடுத்தது. அதன் நுரையீரலில் நடக்கிற சங்கதி உங்கள் சமையலறை வரை வரக்கூடியது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். மாட்டுக்கு உடம்பு பெரிசு, நுரையீரல் சிறிசு. அதே எடையுள்ள குதிரையோடு ஒப்பிட்டால் மாட்டின் மூச்சுத் திறன் ரொம்பக் குறைவு. நமக்கு நுரையீரலில் ஒரு பகுதி கெட்டால் மற்ற பகுதி ஓரளவு சமாளிக்கும். மாட்டுக்கு அப்படிக் கையிருப்பு அதிகம் கிடையாது. போதாததற்கு, வெயில் காலத்தில் உடம்புச் சூட்டை வெளியேற்றவும் அது வேக வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கிறது. குளிர்நாட்டு ரத்தம் கலந்த கறுப்பு வெள்ளை கலப்பினப் பசுவை மே மாதத்துச் சென்னையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே கட்டி வைத்தால் அதன் கதி என்ன? இளைக்கிற நுரையீரலில் கிருமி புகுவது சுலபம்.

அமெரிக்காவில் டெக்ஸஸ், கான்சாஸ் மாநிலங்களில் இறைச்சிக்கான மாட்டுப் பட்டிகள் இருக்கின்றன. ஒரே பட்டியில் பல்லாயிரம் மாடுகள். பல ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றி வந்து, ஒன்றாக அடைத்து, சோளம் போட்டுக் கொழுக்க வைப்பார்கள். அங்கே மாடுகளை அதிகம் நோயில் தள்ளுவதும் சாகடிப்பதும் நுரையீரல் நோய்தான். 'ஷிப்பிங் ஃபீவர்' என்று செல்லப் பெயர் வேறு! லாரி ஏறி இறங்கிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கிற நோய் என்பதால் அந்தப் பெயர்.

அது எப்படி வருகிறது என்று பார்த்தால் நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். பாஸ்சுரெல்லா, மன்ஹீமியா என்று சில பாக்டீரியாக்கள் நல்ல மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே குடியிருக்கும். வாடகைக்கு இருப்பவன் போல, தொந்தரவு பண்ணாது. மாட்டை லாரியில் ஏற்றி, பல மணி நேரம் தண்ணி காட்டாமல், பயத்தோடு நிற்க வைத்து, தெரியாத மாடுகளோடு முட்ட விட்டால் அதன் எதிர்ப்பு சக்தி இறங்கிவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்துக் கூட்டத்தில் ஏதோ ஒரு மாட்டிடமிருந்து வைரஸ் தொற்றுகிறது. மூச்சுக்குழாயைப் பெருக்கிச் சுத்தம் பண்ணுகிற மெல்லிய முடிகளை அந்த வைரஸ் கெடுத்துவிடும். காவல்காரன் படுத்துவிட்டான். தொண்டையில் இருந்த வாடகைக்காரன் கீழே இறங்கி நுரையீரலையே ஆக்கிரமித்துக்கொள்கிறான். அதுதான் நிமோனியா. புழுதியும், சூடும், திடீரென்று மாற்றிய தீவனமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

'அது அமெரிக்கா. நம்ம ஊரில் ஏது பட்டி?' என்கிறீர்களா? அவ்வளவு பெரிய பட்டி இல்லை, வாஸ்தவம். ஆனால் சென்னைக்குப் பால் மாடு எங்கிருந்து வருகிறது? வேலூருக்குப் பக்கத்தில் பொய்கை சந்தை. ஈரோட்டில் கருங்கல்பாளையம் சந்தை. பத்து ஊர் மாடு ஓரிடத்தில் மூக்கோடு மூக்கு உரசி நிற்கிற இடம். அங்கிருந்து நேற்றுக் கன்று போட்ட பசுவைக் கன்றோடு வண்டியில் ஏற்றினால், வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி என்று இதே நெடுஞ்சாலையில்தான் நம் பக்கம் வந்து இறங்குகிறது. இறங்கிய அன்றே பழைய மாடுகளுக்குப் பக்கத்தில் கட்டிவிடுகிறோம். அன்று சாயந்திரமே கறக்கிறோம். பட்டியின் அளவு மாறுகிறதே தவிர, நோய்க்கான சமையல் குறிப்பு ஒன்றுதான்.

புதுசாக வந்த மாட்டை இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்ட வேண்டும் என்று கால்நடை டாக்டர்கள் தலைபாடாகச் சொல்கிறார்கள். அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு பக்கமெல்லாம் இன்று கிரவுண்ட் என்ன விலை? தனியாகக் கட்ட இடத்துக்கு அவர் எங்கே போவார்? இதைச் சொல்லாமல் மாட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்லுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேய்ச்சல் நிலம் பிளாட் ஆனது அவரால் இல்லை. அந்த பிளாட்டில் வீடு கட்டிக்கொண்டு, 'சாணி நாற்றம்' என்று மனு கொடுப்பவர்கள் நாம்தான்.

ஆனால் இடம் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காற்று! கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். மழைச் சாரல் அடிக்கக் கூடாது, கொசு வரக் கூடாது, அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது. உள்ளே மூத்திரம் தேங்கி அம்மோனியா கிளம்புகிறது. நின்றபடி இருக்கிற நமக்கே கண் எரிகிறது என்றால், தரையோடு தரையாக மூக்கை வைத்துப் படுத்திருக்கிற கன்றுக்குட்டியை நினைத்துப் பாருங்கள். இதில் சாயந்திரமானால் கொசுவுக்கு மூட்டம் வேறு. வேப்பிலையைக் கொஞ்சமாகப் போட்டு, கொட்டகைக்கு வெளியே காற்று வரும் பக்கம் வைத்தால் பரவாயில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே மூட்டம் போடுவது, பாட்டியைச் சமையலறைப் புகையில் பூட்டி வைப்பதற்குச் சமம். போகிக்கு டயர் கொளுத்துகிற புண்ணியவான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் காலையில் நமக்கு மூச்சு முட்டுகிறதே, மறுநாள் இல்லாவிட்டாலும் அதற்கு அடுத்த நாள் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடப் போகிற அந்த மாட்டுக்கும் அதே மூச்சுத்தான்.

பூசணம் பிடித்த வைக்கோலும் அப்படித்தான். உதறும்போது பறக்கிற தூசு மாட்டின் நுரையீரலுக்கும் கெடுதல், உதறுகிறவருக்கும் கெடுதல்.

மூங்கில் குழாய் வைத்தியம்

இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். மாடு வயிறு உப்பினால் எண்ணெய், ஜுரம் வந்தால் கஷாயம். நல்லதுதான். ஆனால் புகட்டுகிற விதம் இருக்கிறதே! இரண்டு பேர் தலையை அண்ணாந்து பிடித்து, ஒருத்தர் நாக்கை வெளியே இழுத்துக்கொண்டு, மூங்கில் குழாயையோ பாட்டிலையோ கடைவாயில் விட்டுக் கடகடவென்று ஊற்றுவது. நாக்கைப் பிடித்துக்கொண்டால் மாட்டால் விழுங்க முடியாது. நீங்களே அண்ணாந்து நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்களேன்... வேண்டாம், புரையேறிவிடும். மாட்டுக்கும் அதேதான். எண்ணெய் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. வயிற்று உப்புசத்தில் பிழைத்திருக்க வேண்டிய மாடு, இரண்டு நாளில் நிமோனியாவில் சாகும். 'எண்ணெய் கூடக் கொடுத்தேனே, கேட்கலையே' என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவார். எண்பதாயிரம், லட்சம் என்று கடன் வாங்கி வாங்கிய மாடு. எண்ணெய்தான் கொன்றது என்று யார் அவரிடம் சொல்வது?

மருந்தை வெல்லத்திலோ அரிசிச் சோற்றிலோ உருட்டிக் கொடுக்கலாம். திரவமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் தலையை ரொம்பத் தூக்காமல், நாக்கைப் பிடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மாடு இருமினால் உடனே நிறுத்த வேண்டும். நிற்க முடியாமல் கிடக்கிற மாட்டுக்கு வாய் வழியாக எதுவுமே ஊற்றக் கூடாது.

இன்னொன்று, நகரத்து மாட்டுக்கே உரிய வியாதி. குப்பையோடு ஆணி, கம்பித் துண்டு இவற்றை விழுங்கிவிடும். அது இரண்டாவது வயிற்றில் போய்க் குத்தி, உதரவிதானத்தைத் துளைத்து, இதயம் வரைக்கும் போகும். மாடு மூச்சுத் திணறும், முழங்கையை அகட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தால் சளி மாதிரி இருக்கும். சளி மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். எச்சில் இலையைப் பையில் கட்டித் தெருவில் வீசும்போது அந்தப் பையில் உடைந்த ஸ்டேப்ளர் பின், ஸ்க்ரப்பர் கம்பி எல்லாம் போகிறதா என்று பாருங்கள். 

சரி, இதுவரை சொன்னதெல்லாம் மாட்டின் பாடு. நம் பாடு இனிமேல்தான்.

உங்கள் தோளில் உள்ள தழும்பு

குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்களே, அது எதிலிருந்து வந்தது தெரியுமா? மாட்டு டி.பி. கிருமியிலிருந்து! பிரான்சில் கால்மெட், கெரன் என்ற இரண்டு பேர் மாட்டிடமிருந்து எடுத்த கிருமியைப் பதின்மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைக் குறைத்து, 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம்ம கிண்டியில் 1948-லேயே அந்தத் தடுப்பு மருந்துக்கான லேபரட்டரி வந்துவிட்டது. ஆக, மனுஷ டி.பி.யும் மாட்டு டி.பி.யும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். மாட்டிடமிருந்து மனுஷனுக்கு வராது என்று 1901-ல் ராபர்ட் காக்கே லண்டன் மாநாட்டில் சொன்னார். டி.பி. கிருமியைக் கண்டுபிடித்த மேதை! பத்து வருஷம் ஆராய்ந்து, வரும் என்று பிரிட்டிஷ் கமிஷன் 1911-ல் முடிவு சொல்லிவிட்டது.

டி.பி. வந்த மாடு உடனே படுத்துவிடாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நன்றாகவே இருக்கும். தீனி தின்னும், பால் கறக்கும். மெல்ல இளைக்கும். விடியற்காலையில் லொக்கு லொக்கென்று வறட்டு இருமல். 'ஒண்ணுமில்ல சார், பனிக்கு இருமுது' என்பார் பால்காரர். சில மாட்டில் கிருமி மடிக்கும் இறங்கும், பாலில் வரும். பக்கத்து மாட்டுக்கு மூச்சுக் காற்றிலேயே போகும். அதே கொட்டகைத் திண்ணையில் படுத்துத் தூங்குகிற மாட்டுக்காரருக்கும் போகலாம். திரும்பிய வழியும் உண்டு. டி.பி. உள்ள ஆள் வைக்கோல் பக்கம் இருமித் துப்பினால் மாட்டுக்கு மனுஷக் கிருமி ஒட்டிக்கொள்ளும்.

இந்தியாவில் எத்தனை மாட்டுக்கு இருக்கிறது? பல ஊர் ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. நூற்றுக்கு 7 மாடுகளுக்கு மேல், மொத்தம் இரண்டு கோடிக்கும் அதிகம் என்று மதிப்பிட்டார்கள். சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் தெரியுமல்லவா? 1956-ல் தொடங்கி, டி.பி. நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே காட்டிய இடம். அந்த ஆராய்ச்சியாளர்கள் சென்னையில் ஒரு மாட்டிடமிருந்து எடுத்த கிருமியை முழுசாகப் படித்து 2019-ல் வெளியிட்டார்கள். அது எல்லாரும் எதிர்பார்க்கிற 'போவிஸ்' இல்லை. 'ஆரிஜிஸ்' என்ற இன்னொரு பங்காளி! மறு வருஷமே வேலூர் சி.எம்.சி.யில் சேகரித்த 940 டி.பி. மாதிரிகளை ஆராய்ந்த முடிவு வந்தது. போவிஸ் ஒன்றுகூட இல்லை. ஆரிஜிஸ் ஏழு பேரிடம்.

'ஏழுதானே?' என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். நானும் பயமுறுத்த வரவில்லை. நம் நாட்டு டி.பி.யில் பெரும்பங்கு மனுஷனிடமிருந்து மனுஷனுக்கு வருவதுதான். ஆனால் சாதாரணமாகச் செய்கிற சளி டெஸ்ட், டி.பி. இருக்கிறதா இல்லையா என்று சொல்லுமே தவிர, மாட்டு வகையா, மனுஷ வகையா என்று பிரித்துச் சொல்லாது. போவிஸ் வகைக்கு, டி.பி. கூட்டு மருந்தில் முக்கியமான பைராசினமைடு வேலை செய்யாது. பாலோடு போகிற கிருமி நுரையீரலை விட்டுவிட்டுக் கழுத்து நெறிகட்டியிலோ குடலிலோ போய் உட்காரும். எனவே வீட்டில் மாடு வளர்ப்பவர்கள் டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும், 'வீட்டுல மாடு இருக்கு டாக்டர், அதுவும் இருமுது' என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போக யோசிக்கவே கூடாது.

நம்மைக் காப்பாற்றி வருவது எது தெரியுமா? நம்ம வீட்டு அடுப்பு. பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிற பழக்கம். 72 டிகிரியில் 15 விநாடி போதும், இந்தக் கிருமி செத்துவிடும். நாம் நூறு டிகிரிக்கே கொண்டுபோகிறோம். வெள்ளைக்காரன் பச்சைப் பால் குடித்துச் செத்துக்கொண்டிருந்த காலத்திலும் நம் பாட்டிகள் பாலைக் காய்ச்சித்தான் கொடுத்தார்கள்.

ஆனால் இப்போது புது ஃபேஷன் ஒன்று வந்திருக்கிறது. 'நாட்டு மாட்டுப் பால், காய்ச்சாமல் குடித்தால்தான் சத்து' என்று படித்தவர்களே குழந்தைக்குப் பச்சைப் பால் கொடுக்கிறார்கள். கண்ணாடி பாட்டிலில், இரட்டிப்பு விலையில்! காய்ச்சுவதால் போகிற சத்து கொஞ்சம்தான். காய்ச்சாததால் வருகிற வியாதி டி.பி.யோடு நிற்காது, புருசெல்லா என்று விட்டு விட்டு வருகிற ஜுரமும் அதே வழியில்தான் வருகிறது. நாட்டு மாடானாலும் சீமை மாடானாலும், பால் பொங்கி வந்த பிறகு அடுப்பைத் தணித்து இரண்டு நிமிஷம் கிண்டிவிட்டு இறக்குங்கள். கோயிலில் கொடுக்கிற அபிஷேகப் பாலையும் பஞ்சகவ்யத்தையும் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். சாமி கோபித்துக்கொள்ளாது.

விற்றுவிட்டால் தீர்ந்ததா?

இருமுகிற மாட்டை என்ன செய்வது? இதற்கு நம்மிடம் நேர்மையான பதில் இல்லை. பிரிட்டனில் டெஸ்ட்டில் மாட்டினால் நஷ்டஈடு கொடுத்துக் கொன்றுவிடுகிறார்கள், வருஷத்துக்குப் பல்லாயிரம் மாடு. இங்கே அது நடக்காது. கொல்ல மனசு வராது. மனசு வந்தாலும் அந்த ஒரு மாட்டை நம்பி ஒரு குடும்பத்தின் அரிசி பருப்பு, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஓடுகிறது. அதனால் டெஸ்ட் பண்ணாமல் இருப்பதே லாபம் என்று ஆகிவிட்டது. தெரிந்தால்தானே தலைவலி? கொஞ்சம் இளைத்ததும் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். அங்கே இன்னொரு ஏழை, விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு போகிறார். வியாதி ஊர் மாறுகிறது, தீரவில்லை.

டெஸ்ட்டில் மாட்டுகிற மாட்டுக்கு அரசாங்கம் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தனிக் கொட்டகையில் அதன் ஆயுசு முடியும்வரை வைத்துக்கொள்ளட்டும். செலவாகும்தான். நகரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாமே! மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேப்பேரியில் 1903-லிருந்து கல்லூரி இருக்கிறது, அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று சொல்ல முடியாது. கன்றுக்குட்டிகளுக்கு பி.சி.ஜி. போட்டு எத்தியோப்பியாவில் செய்த சோதனை 2024-ல் வெளிவந்தது. மந்தைக்குள் பரவல் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்ததாம். ஊசி போட்ட மாட்டையும் வியாதி மாட்டையும் பிரித்துக் காட்டும் புது டெஸ்ட்டும் வந்திருக்கிறது. மாட்டிடமிருந்து எடுத்து மனுஷக் குழந்தைக்குப் போட்ட மருந்தை மாட்டுக்கே திருப்பிக் கொடுப்பதில் நமக்கென்ன தயக்கம்? முடியாது என்று நினைத்ததை முன்பு முடித்துக் காட்டியிருக்கிறோம். தொற்று நுரையீரல் நோய் என்று மாட்டு மந்தைகளையே அழித்த வேறொரு வியாதி இருந்தது. 2007-ல் அந்த நோய் இல்லாத நாடு என்று இந்தியாவுக்கு உலக அமைப்பே சான்று கொடுத்தது.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். பால் வாங்குகிற நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நிமோனியா மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் அளவுக்கு மேல் இருந்தது. கொட்டினால் பால்காரருக்கு நஷ்டம், கொட்டாவிட்டால் நமக்கு. நாலு நாள் பால் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? வேறு பால்காரரைப் பார்த்துவிடுகிறோம். பிறகு அவர் எப்படி உண்மையைச் சொல்வார்?

உங்கள் பால்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, மாட்டுக்கு ஊசி போட்டா சொல்லிடுங்க. அந்த நாலு நாள் நாங்க பாக்கெட் வாங்கிக்கறோம். மாசக் கணக்குல கழிக்க மாட்டோம்." ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டுக்கு அது ஒரு ஹோட்டல் டிபன் காசு. கூடவே, மாடு தீனியை ஒதுக்கி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விட்டால் எண்ணெய் புகட்டாமல் 1962-க்கு போன் பண்ணச் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ், காசு கிடையாது. மழைக்கு முன்னால் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். அப்படியே, அந்தத் தார்ப்பாயில் ஒரு பக்கத்தையாவது சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள்.